பதிந்ததாகச் சொன்ன பாட்டு

“மாப்ள, அந்தப் பாட்டை நான் டைப் பண்ணுனேனா, இல்ல பண்ணுனதா நெனச்சுக்கிட்டேனா?”

மூணாறு எஸ்டேட்டில் இருக்கும் என் மாமியார் ஒரு மதியம் தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்காமல், எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி இது. நான் வடகரப்பதியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். அன்றைக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. அந்தப் பாட்டு திறந்திருந்த திரையை மைத்துனன் படம் பிடித்து முன்பே அனுப்பியிருந்தான். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன்.

“தலைப்பு மட்டுந்தானுங்க அத்தை போட்டிருக்கீங்க. உள்ள ஒண்ணுமே டைப் பண்ணலீங்க. மறந்திருப்பீங்க.”

அவர் “சரி மாப்ள” என்று வைத்துவிட்டார். நான் சொன்னது மூன்றே வாக்கியம். அவற்றைத் திரும்ப விழுங்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமியார் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மைத்துனனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை என்பதால் அவனோடு லயத்து வீட்டிலேயே இருக்கிறார். லயம் என்றால் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். அங்குள்ள தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு அவர்தான் தலைவி. டிசம்பரில் அந்தக் குழு மேல் லயம், கீழ் லயம் என்று வீடு வீடாகப் போய்ப் பாடும். பாட்டுகள் பல அந்த மலையிலேயே பெண்கள் சேர்ந்து கட்டியவை, எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. அதனால் முதல் சரணம் வரை எல்லோரும் ஒன்றாகப் பாடுவார்கள். இரண்டாம் சரணத்தில் மேல் லயம் ஒரு வார்த்தை பாடும், கீழ் லயம் வேறொரு வார்த்தை பாடும். குளிரில் நின்றுகொண்டு எது சரி என்று சண்டை நடக்கும். இயேசு பாலன் பிறந்த செய்தியைச் சொல்ல வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இதைப் பார்த்துச் சலித்த போதகர், இந்த வருடம் எல்லாப் பாட்டையும் ஒரே புத்தகமாக அச்சடித்துவிடலாம், நீங்களே டைப் செய்து கொடுங்கள் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டார்.

மாமியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். போனில் தமிழ் டைப் செய்வதில் அவர் என்னைவிட வேகம். ஆனால் புத்தகம் முழுவதும் போனில் செய்தால் கண் போய்விடும் என்று, எங்கள் கம்பெனி கழித்துக்கட்டிய ஒரு பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் போட்டு நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே ஒரு சின்ன நிரலும் எழுதிக் கொடுத்தேன். தலைப்புக்கு ஒரு கட்டம், பாட்டுக்கு ஒரு கட்டம், கீழே ‘பதி’ என்று ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் பாட்டு அதன் தலைப்பின் பெயரிலேயே தனிக் கோப்பாகப் போகும். திரையில் ‘பாட்டு பதிந்தது’ என்று பச்சை எழுத்து வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கறி வேகும் நேரத்துக்குள் எழுதி முடித்ததை, பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. அக்டோபரில் முதல் வெற்றுப் பாட்டு வந்தது. தலைப்பு இருக்கிறது, திறந்தால் உள்ளே ஒரு எழுத்து இல்லை. அதே மாதத்தில் இன்னொன்று, பிறகு இன்னும் இரண்டு. நான்காவதற்குத்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு.

அந்தக் கேள்வியின் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாமியாரின் அக்கா கடைசிக் காலத்தில் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி சாப்பாடு கேட்டவர். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் என் மாமியார்தான். அது எப்படித் தொடங்கும் என்று அவருக்குத் தெரியும். நானோ என் நிரலின் மேல் வைத்த நம்பிக்கையில், அத்தைக்கு மறதி என்று மைத்துனனிடம் சொன்னேன், அதே குழுவில் பாடும் மனைவியின் சித்தியிடமும் சொன்னேன். சித்தியிடம் சொன்னால் சபை அறிவிப்பில் வாசித்த மாதிரிதான். ஒரு வாரத்தில் பாடகர் குழுப் பெண்களே “அக்கா, இனி கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை என் மனைவி மாடி ஏறி வந்து மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாள். என் விரல் நடுவில் மாட்டியது.

“அம்மா சர்ச்சுப் பாட்டு அலமாரிச் சாவிய கவருக்குள்ள போட்டு வச்சிருக்காங்களாம். ஞாயித்துக்கிழம போதகர்கிட்ட குடுத்துட்டு விலகப் போறாங்களாம். தனக்கும் பெரியம்மா மாதிரி ஆகுதுன்னு அழுதாங்க.”

“நான் என்னங்க பண்ணட்டும்? கோப்புல ஒண்ணுமில்லையே” என்றேன். கோபம் வந்தால் நான் மனைவிக்கே ‘ங்க’ போடுவேன்.

“எங்கம்மா மறந்துட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒங்க பொட்டிய ஒரு தடவையாவது சந்தேகப்பட்டீகளா?”

படவில்லை என்பதுதான் உண்மை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, சின்னாறு செக்போஸ்ட் வரை அவள் என்னோடு பேசவில்லை. மறையூரில் டீ குடிக்கும்போது “சர்க்கர கம்மி” என்றாள். அதைச் சமாதானமாக எடுத்துக்கொண்டு மீதி மலையை ஏறினேன்.

வீட்டுக்குப் போனதும் மாமியார் “வாங்க மாப்ள” என்றார். எப்போதும் இருக்கும் கிண்டல் குரலில் இல்லை. டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சர்க்கரை போட்டோமா என்று தானே ஒரு வாய் ஊற்றிப் பார்த்தார். இந்த மனுஷி தன்னையே காவல் காக்கத் தொடங்கிவிட்டார் என்று புரிந்தது.

அங்கே நான் செய்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு நிரலுக்குக் கோப்பைத் தொடும் உரிமை கிடையாது. ரேஷன் கடையில் நாமே உள்ளே போய் அரிசி அள்ள முடியாது, கவுண்டரில் கேட்டுத்தான் வாங்கவேண்டும். அந்த மாதிரி நிரலும் கோப்பைத் திற, படி, எழுது, மூடு என்று ஒவ்வொன்றையும் இயங்குதளத்தின் நடுவில் இருக்கும் கர்னலிடம் கேட்கவேண்டும். இந்தக் கேட்புகளுக்கு சிஸ்டம் கால் என்று பெயர். ஸ்ட்ரேஸ் என்று ஒரு கருவி உண்டு. அது நிரலின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை மணிக்கு எதைக் கேட்டது, கர்னல் என்ன பதில் சொன்னது என்று வரிவரியாகக் குறித்துத் தரும். நிரல் வெளியே என்ன பேசினாலும் உள்ளே என்ன கேட்டது என்பது இதில் தெரிந்துவிடும்.

மேசைக் கணினிக்கும் என் மடிக்கணினிக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க் கம்பியைச் செருகி, ஸ்ட்ரேஸ் குறிக்கும் தடம் முழுவதும் என் திரையில் விழும்படி வைத்தேன். முதலில் அந்த நான்கு வெற்றுப் பாட்டுகளைத் திறந்து பார்த்தேன். நிரல் படிக்கக் கேட்டது. கர்னல் சொன்ன பதில் பூஜ்யம். நான்கு தடவையும் பூஜ்யம். கோப்புகள் நிலையாகத் தங்கும் வட்டில் ஒன்றுமே இல்லை.

“பாத்தியா?” என்று மனைவியிடம் மெல்லச் சொன்னேன். ஜெயித்தவன் குரல் அது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சனிக்கிழமை காலையில் மாமியாரை ஒரு பாட்டு டைப் செய்யச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “என்ன மாப்ள, பரீட்சைக்கு உக்கார வச்சிருக்கீகளா?” என்றார். ஆனாலும் செய்தார். ‘பதி’ பொத்தானை அழுத்தியதும் என் திரையில் வரிகள் ஓடின. அவற்றில் ஒன்றைத் தேடிப்பிடித்துக் காட்டினேன்.

“இதுதானுங்க அத்தை, நீங்க டைப் பண்ணினது.”

“இதா? வெறும் நம்பரா இருக்கே.”

தமிழ் எழுத்தை ஸ்ட்ரேஸ் எண்களாகத்தான் காட்டும். அதுவும் சும்மா விட்டால் முதல் பத்து எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும். முழுவதையும் காட்டு என்று கட்டளை மாற்றி, எண்களைத் தமிழாக்க நான்கு வரி எழுதி ஓட்டினேன். திரையில் அவருடைய பாட்டு வந்தது: ‘கம்பளி இல்லாத கொட்டிலிலே கண்மூடிப் படுத்தவரே.’ மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அந்த வரி அவரே கட்டியது என்று மனைவி சொன்னாள். அன்று காலை மூன்று பாட்டு பதிந்தோம். மூன்றும் பத்திரமாக இருந்தன. ஒன்றும் பிடிபடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் மனைவியும் பேக்கரிக்கு ரொட்டி வாங்கக் கிளம்பினோம். நீங்கள் பாட்டுக்கு டைப் செய்யுங்கள், தடம் தானாக ஓடட்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பும்போது வானம் கறுத்து, கீழ் லயத்துத் திருப்பத்தில் முதல் இடி இடித்தது. எங்கள் வடகரப்பதிப் பக்கம் மழைக்கு ஏங்கிக் கிடப்பவர்கள். இடிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்போம். இங்கேயோ ஒவ்வொரு கதவாகச் சாத்தியது. நாங்கள் நனைந்து வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளே ஒரே இருட்டு. டிவி, மிக்சி, கணினி, எல்லாப் பிளக்கும் சுவரை விட்டு வெளியே கிடந்தன. மாமியார் நடுவில் முக்காலி போட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

“ஒங்க லேப்டாப் ஒயரையும் புடுங்கிட்டேன் மாப்ள. ஒரு வருசம் இடி விழுந்து இந்த லயத்துல ஆறு டிவி போச்சு. சத்தம் கேட்டா மொதல்ல பிளக்கப் புடுங்கிறணும்.”

“டைப் பண்ணிட்டு இருந்தீங்களா அத்தை?” என்று கேட்டேன்.

“கடைசி வரி முடிச்சு, பதி அமுக்கி, பாட்டு பதிந்ததுன்னு பச்சையா வந்தப்புறந்தான் எந்திரிச்சேன். பாதியில எந்திரிக்க நான் என்ன பச்சப்புள்ளயா?”

மழை விட்டதும் கணினியைப் போட்டோம். பாட்டின் தலைப்பு இருந்தது. திறந்தால் வெறுமை.

மாமியார் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். “பாத்தீகளா” என்றார், சின்னக் குரலில். “இப்பத்தான் அஞ்சு சரணம் போட்டேன்னு நெனைக்கேன். அதுவும் நெனப்புத்தானா?” அவர் கை முந்தானையைத் தேடியது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

என் மடிக்கணினி பேட்டரியில் உயிரோடு இருந்தது. தடத்தின் கடைசி வரிகள் அப்படியே நின்றன. நிரல் புதுக் கோப்பைத் திறந்திருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பைட் எழுதக் கேட்டிருக்கிறது. கர்னலும் அத்தனையும் வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறது. கோப்பை மூடியாயிற்று. அதற்குப் பதினோரு விநாடி கழித்து நெட்வொர்க் கம்பி செத்துப்போனதாக என் கணினி குறித்திருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்க ஆகும் நேரம்.

நான் எண்களைத் தமிழாக்கி ஓட்டினேன். ஐந்து சரணமும் வந்தன. ஒரு வரி குறையவில்லை.

“அத்தை, இங்க வாங்க. படிங்க.”

அவர் படித்தார். முதல் சரணத்தை வாய்க்குள் படித்தார், இரண்டாவதைச் சத்தமாகப் படித்தார், மூன்றாவதைப் பாடவே தொடங்கிவிட்டார். பாதியில் நிறுத்தி, “அப்ப நான் டைப் பண்ணுனேன்” என்றார்.

“பண்ணினீங்க அத்தை. தப்பு எம்பேர்லதானுங்க.”

அந்தத் தப்பை அவருக்கு விளக்கிச் சொன்னேன். எழுது என்று கேட்டதும் கர்னல் உடனே வட்டில் எழுதிவிடாது. வாங்கி நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, அரை நிமிடம்போல ஆனபிறகு, சாவகாசமாக எழுதும். அதற்குள் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும். தலைப்பை முந்தியே குறித்துவிடும், உள்ளே இருப்பதற்குத்தான் தாமதம். அவசரம் என்றால் எஃப்சிங்க் என்று இன்னொரு சிஸ்டம் கால் இருக்கிறது. இப்போதே எழுது, எழுதி முடித்துவிட்டுப் பதில் சொல் என்று அர்த்தம். அதைக் கேட்க ஒரே ஒரு வரி போதும். நான் அந்த வரியை எழுதவில்லை. எழுதாமலே ‘பாட்டு பதிந்தது’ என்று பச்சை எழுத்தில் சொல்ல வைத்தேன். எங்கள் ஊரில் யாரும் இடிக்குப் பிளக்கைப் பிடுங்குவதில்லை, அதனால் அந்தப் பொய்யின் சாயம் அங்கே ஒருநாளும் வெளுத்திருக்காது.

மாமியார் கவனமாகக் கேட்டார். “டவுனுக்குப் போற ஜீப்புல சாமான் ஏத்திவிடுவோம்ல மாப்ள. டிரைவர் கையில குடுத்ததும், போய்ச் சேந்துருச்சுன்னு ஒங்க பொட்டி சொல்லியிருக்கு. சேந்தவங்க போன் பண்ணுனாத்தான சேந்துச்சு?”

பல வருடமாக நான் படித்ததை அவர் ஜீப்பில் ஏற்றிவிட்டார். “ஆமாங்க அத்தை” என்றேன். பிறகு அந்த வெற்றுக் கோப்புகளின் தேதிகளைப் பார்த்தோம். நான்கும் மதியம் மூன்று, நான்கு மணிக்கு உண்டானவை. நான்கு நாளும் இடி இடித்த நாள்கள் என்று மைத்துனன் ஷிப்டு முடிந்து வந்து சொன்னான்.

விட்டுப்போன வரியை எழுதினேன். பச்சை எழுத்தை அதற்குப் பின்னால் தள்ளி வைத்தேன். தடத்தில் எஃப்சிங்க் வருகிறது, பதிலும் வருகிறது. எனக்குத் திருப்தி, ஆனால் மாமியாருக்கு இல்லை. “இடி இப்ப வராது. நானே புடுங்குதேன்” என்று பிளக் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மனைவி டைப் செய்து பொத்தானை அழுத்துவாள், பச்சை வந்த அடுத்த நொடி மாமியார் பிடுங்குவார். கணினியை மறுபடி எழுப்பிப் பார்ப்போம், பாட்டு இருக்கும். ஒரு தடவை போதும் என்றேன். அவர் ஏழு தடவை பிடுங்கினார். ஏழாவது தடவை சிரித்துக்கொண்டே பிடுங்கினார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு மாதம் ஆயிற்று என்று மனைவி சொன்னாள்.

தடத்தில் கிடைத்தது அன்றைய பாட்டு மட்டுமே. முந்தைய நான்கும் போனது போனதுதான். “அதுக்கென்ன” என்று மாமியார் சப்பணமிட்டு உட்கார்ந்து பாடத் தொடங்கினார், மனைவி டைப் செய்தாள். ஒரு பாட்டுக்கு ஏழு சரணம். எங்கும் தடுமாறவில்லை, எங்கும் யோசிக்கவில்லை. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்குள் நான்கும் முடிந்தன. மறதி என்று நான் ஊரெல்லாம் சொன்னது இந்த ஆளைத்தான். ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் அதோடு விடவில்லை. “மாப்ள, நீங்க சொன்னது எங்க வரைக்கும் போச்சோ, அங்க வரைக்கும் நீங்களே வந்து மாத்திச் சொல்லணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் பாட்டுப் பயிற்சி. மேல் லயத்துப் பெண்கள் ஒரு பக்கம், கீழ் லயத்துப் பெண்கள் ஒரு பக்கம், நடுவில் போதகர். நான் கத்தோலிக்கன், எங்கள் கோயிலில் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பவன். அத்தனை பாடகிகளுக்கு முன்னால் போய் நின்றேன். சித்தி முதல் வரிசையில் இருந்தார், அதுவும் நல்லதற்குத்தான்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. அத்தை பாட்டை டைப் பண்ணாம மறந்துட்டாங்கன்னு நான்தான் சொன்னனுங்க. அது தப்புங்க. அவங்க ஒரு வரியும் மறக்கலீங்க. அந்த நிரல்ல எழுதவேண்டிய ஒரு வரிய எழுத மறந்தது நானுங்க.”

யாரோ கை தட்டினார்கள். போதகர் சிரித்தார். மாமியார் யார் முகத்தையும் பார்க்காமல், பைபிளுக்குள் இருந்த கவரை எடுத்து ஓரத்தைக் கிழித்து, சாவியை வெளியே எடுத்தார். அலமாரியைத் திறந்துவிட்டு வந்து தன் இடத்தில் நின்றார். ‘கம்பளி இல்லாத கொட்டிலிலே’ தொடங்கியது. முதல் சரணம் அழகாகப் போனது. இரண்டாம் சரணத்தில் மேல் லயம் ஒரு வார்த்தையும் கீழ் லயம் வேறொரு வார்த்தையும் பாடின. கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார் மாமியார்.

“ரெண்டும் இல்ல. நான் சொல்லுததுதான் சரி” என்றார். “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”